31 வகுப்புகளும் 54 மணி நேரமும்

ஒரு வியாழக்கிழமை மாலை. பின்னங்களோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி, நான் எதுவும் எடுத்துக்கொடுக்காமலேயே ஒரு கணக்கைத் தானாக முடித்துவிட்டு, "மிஸ், வந்துடுச்சு! சரிதானே மிஸ்?" என்று திரையில் துள்ளினாள். நான் "ம், சரி. அடுத்தது" என்றேன். அவள் முகம் அப்படியே அடங்கிப்போனது. வகுப்பு முடிந்து லேப்டாப்பை மூடிய பிறகும் அந்த முகம்தான் கண்ணில் நின்றது. களைப்பு எனக்குப் புதிதில்லை, பல மாதமாகவே இருந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கணக்கு புரிகிற அந்த நொடிக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன், அந்த நொடி கண்முன்னே நடந்தும் எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது நான் ஒரு ட்யூஷன் நிறுவனத்தை விட்டு வெளியே வந்து, சொந்தமாக ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு 31 வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அலுவலகம் போகிறவர்கள் 40 மணி நேரம், 45 மணி நேரம் என்று உழைக்கிறார்கள், நமக்கு 31தானே, அதற்கே இப்படிச் சோர்ந்து விழுகிறோமே, நம்மிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு இன்னும் இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் மனம் பதைக்கிறது.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு இரண்டு வாரம் ஒரே ஒரு வேலை செய்தேன். மேசையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, மாணவர்கள் சம்பந்தமாக எதைச் செய்தாலும், அது நாலு நிமிடமாக இருந்தாலும் சரி, எழுதிவைத்தேன். சோபாவில் படுத்துக்கொண்டு ஒரு அம்மாவின் செய்திக்குப் பதில் போட்டதையும் எழுதினேன், படுக்கப்போகும் முன் ஒரு வொர்க்‌ஷீட் தேடியதையும் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் சராசரியாக வாரத்துக்குத் தயாரிப்பு ஏழரை மணி நேரம், ஹோம்வொர்க் திருத்துவது ஐந்து, செய்திகளும் பெற்றோர் அழைப்புகளும் ஐந்தரை, டெமோ வகுப்பு, ஃபீஸ் நினைவூட்டல், நேரம் மாற்றுவது எல்லாம் சேர்த்து மூன்று, சொல்லாமல் வராத மாணவருக்காகத் திரை முன்னால் காத்திருந்தது இரண்டு. ஆக 23 மணி நேரம். 31 என்று நான் நம்பிக்கொண்டிருந்த வாரம் உண்மையில் 54 மணி நேர வாரம். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் இருபது, முப்பது நிமிட இடைவெளிகளை இதில் சேர்க்கவே இல்லை. அவற்றில் வேலையும் ஓடாது, ஓய்வும் கிடைக்காது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழிகிற நேரம் அது.

ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னாலும் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் ஒளிந்திருக்கிறது என்று கணக்கு வாத்தியாரான எனக்கே ஒன்றரை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறது. யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் வசூலிக்கவில்லை. மாத வருமானத்தை 31 மணி நேரத்தால் வகுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். 54 ஆல் வகுத்தால் நான் நினைத்திருந்த தொகையில் நூற்றுக்கு 57தான் வருகிறது.

சொந்தமாகச் சொல்லிக்கொடுக்கும் யாராக இருந்தாலும், வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் இந்த இரண்டு வார நோட்டைப் போடுங்கள் என்பேன். நேர மேலாண்மைக்கு ஆயிரம் செயலிகள் இருக்கின்றன, எதையும் குறை சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் போகிறது என்றே தெரியாதபோது எதை நிர்வகிப்பது?

அந்த உணர்ச்சியற்ற நிலையைப் பற்றியும் அப்போது தேடிப் படித்தேன். பர்ன்அவுட், அதாவது வேலையில் எரிந்து அடங்கிப்போவது, என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் 1974-இல் எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் தன்னோடு தொண்டு செய்தவர்களைப் பார்த்துத்தான் எழுதினார், தானும் அந்த நிலைக்குப் போனவர். வேலையில் அக்கறை இல்லாதவர்களை அல்ல, ரொம்ப அக்கறையோடு தங்களைக் கொடுத்தவர்களையே இது முதலில் பிடித்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் இதை விளக்கியபோது நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றது. மூன்று அடையாளங்களையும் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, செய்கிற வேலை சரியாக வரவில்லை என்ற எண்ணம். நான் முதல் அடையாளத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன், ஞாயிறு தூங்கினால் சரியாகிவிடும் என்று. இரண்டாவது வந்தது அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவரிடமும் போனேன், ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இவையெல்லாமும் இதே மாதிரிதான் தோன்றும். எல்லாவற்றையும் "வேலை ஜாஸ்தி" என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடாதீர்கள். வேலை தவிர்த்து மற்ற எதிலும் விருப்பம் இல்லை, வாழ்க்கையே வெறுத்தது போல இருக்கிறது என்றால் கால அட்டவணையை மாற்றுவது முதல் வேலை இல்லை, மருத்துவரைப் பார்ப்பதுதான்.

சரி, மாற்றங்களுக்கு வருகிறேன். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு வகுப்புக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்று வைத்து வகுத்தால் 22 வருகிறது. அதுதான் என் உச்சவரம்பு. 31-லிருந்து 22-க்கு வர மூன்று மாதம் ஆனது, ஒரே நாளில் யாரையும் நிறுத்தவில்லை. ஒரே வகுப்பில், ஒரே பாடத்தில் இருந்த நான்கு பேர் வாரத்துக்கு இரண்டு முறை தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு பேட்ச் ஆக்கியதில் எட்டு வகுப்பு இரண்டானது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஃபீஸ் குறைந்தது, அந்த மணி நேரத்துக்கு எனக்குக் கிடைப்பது கூடியது. படிப்பை முடித்துப்போன ஒரு மாணவரின் இரண்டு இடங்களையும், நன்றாகத் தேறிய இன்னொருவர் விட்ட ஒரு இடத்தையும் நிரப்பாமல் விட்டேன். இந்தக் கடைசி வேலைதான் ரொம்பக் கடினம். புதிதாக யாராவது கேட்டு வரும்போது "இடம் இல்லை" என்று சொல்ல நாக்கு எழாது, நாளைக்கு யாருமே வராமல் போய்விட்டால் என்ற பயம். அதனால் காத்திருப்போர் பட்டியல் ஒன்று ஆரம்பித்தேன். "இப்போது இடம் இல்லை, காலியானதும் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்" என்பது மறுப்பு போலக் கேட்பதில்லை, சொல்கிற எனக்கும் அது நிம்மதி.

பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதல் இரண்டு மாதம் குறைந்தது, அதற்குக் கையிருப்பு இருந்ததால் சமாளித்தேன். இல்லாதவர்கள் இன்னும் மெதுவாக, மாதத்துக்கு ஒரு வகுப்பாகக் குறைக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உயர்த்திய ஃபீஸ், பழையவர்களுக்கு அடுத்த கல்வியாண்டிலிருந்து. இரண்டு குடும்பங்கள் விலகின. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் விலகுவார்கள் என்று நான் பயந்தது ஏழெட்டுக் குடும்பங்கள்.

அடுத்து, ஒரு மணி நேர வகுப்பை 50 நிமிடம் ஆக்கினேன். முன்பு ஐந்து மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று என்று முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருப்பேன். ஒன்று ஐந்து நிமிடம் இழுத்தால் இரவு வரைக்கும் எல்லாமே தாமதம், ஒவ்வொரு வகுப்பையும் மன்னிப்பு கேட்டுக்கொண்டே தொடங்கவேண்டும். மைக்ரோசாஃப்ட் 2021-இல் 14 பேரை வைத்து ஒரு சிறிய சோதனை நடத்தியது. வீடியோ கூட்டங்களை இடைவெளி இல்லாமல் தொடர்ந்தபோது மூளை அலைகளில் அழுத்தத்தின் அடையாளம் ஏறிக்கொண்டே போனது, நடுவில் பத்து நிமிடம் விட்டபோது அப்படிச் சேரவில்லை. 14 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் என் உடம்பு அதையே சொன்னது. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரே விதி, திரையைப் பார்க்கக்கூடாது. போனும் திரைதான்.

"ஒரு மணி நேரத்துக்குத்தானே ஃபீஸ் கொடுக்கிறோம்" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான்: 50 நிமிடத்தில் பாடம் குறையாது, குறைந்தால் சொல்லுங்கள், பழையபடி மாற்றிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து நானே அவரை அழைத்துக் கேட்டேன், அவர் அந்தப் பத்து நிமிடத்தை மறந்தே போயிருந்தார். அது ஏன் சாத்தியமானது என்றால், வகுப்புக்கு வெளியே நான் தனியாகச் செய்துகொண்டிருந்த வேலைகளை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டேன். எனக்கு அதிகம் உதவியது இந்த ஒரு மாற்றம்தான்.

உதாரணமாக, ஹோம்வொர்க். முன்பு மாணவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள், நான் இரவில் ஒவ்வொன்றாகத் திருத்தி, சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்புவேன். அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தார்கள். இப்போது வகுப்பின் முதல் எட்டு நிமிடம், மாணவரே தன் நோட்டைக் காட்டி, எந்த இரண்டு கணக்கில் சந்தேகம் என்று சொல்லவேண்டும், அதை மட்டும் சேர்ந்து பார்ப்போம். தவறு எங்கே நடந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லும்போது எனக்குத் தெரிகிற விஷயம், இரவில் தனியாகத் திருத்தியபோது ஒருநாளும் தெரிந்ததில்லை. அதே மாதிரி கடைசி ஐந்து நிமிடம், இன்று என்ன படித்தோம், அடுத்த வகுப்புக்கு என்ன என்று மாணவரே நான்கு வரி எழுதுகிறார், அதுதான் பெற்றோருக்குப் போகும் அறிக்கை. முன்பு அதை நான் வாரக்கடைசியில் உட்கார்ந்து 14 பேருக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். தயாரிப்பும் குறைந்தது: ஒவ்வொருவருக்கும் புதிதாக வொர்க்‌ஷீட் செய்வதை நிறுத்தி, பாடவாரியாக ஒரே கோப்புறையில் சேர்த்தேன், எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலை, அவ்வளவுதான். முதல் ஆறு வாரம் அதற்குக் கூடுதலாக உழைக்கவேண்டியிருந்தது, இப்போது பெரும்பாலும் எடுத்துக்கொடுத்தால் போதும்.

திரையைப் பற்றி. வகுப்பறையில் ஆறு மணி நேரம் நின்று பேசுபவர்களைவிட நான்கு மணி நேர வீடியோ வகுப்பு ஏன் என்னை அதிகம் அடித்துப்போடுகிறது என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் இதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: முகங்கள் மிக அருகில், கண்ணுக்கு நேராகவே இருப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, ஒரே சட்டகத்துக்குள் அசையாமல் இருப்பது, சாதாரணமாகத் தானாக நடக்கும் தலையசைப்பு போன்றவற்றைத் திரைக்காக மெனக்கெட்டுச் செய்வதும், மற்றவர்கள் செய்வதை மெனக்கெட்டுப் புரிந்துகொள்வதும். படித்தவுடன் செய்தது, என் முகம் எனக்குத் தெரியாதபடி மறைத்தது. ஜூமில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, மற்றவர்களுக்கு நாம் வழக்கம்போலத் தெரிவோம். ஒரு சின்ன மாற்றம் இவ்வளவு பாரத்தை இறக்கிவைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாணவர் கணக்குப் போடும் நேரத்தில் அவர் நோட்டைக் காட்டும் கேமரா போதும், முகம் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் எழுந்து நின்றுகொள்வேன். கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது நொடி பார்ப்பது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடும், எரிச்சல் அதனால்தான். தொண்டைக்கு, ஹெட்செட் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் பேசுவது. காது அடைத்த ஹெட்செட்டில் நம் குரல் நமக்கே கேட்காமல் கத்த ஆரம்பித்துவிடுவோம், அதனால் ஒரு காதைத் திறந்தே வைக்கிறேன்.

செய்திகள் விஷயத்தில் தவறு முழுக்க என்னுடையது. இரவு 11.15-க்கு ஒரு அம்மா கேட்ட சந்தேகத்துக்கு 11.17-க்குப் பதில் போட்டால், அவர் அதற்குப் பிறகு அந்த நேரத்தில்தான் கேட்பார், நான்தானே பழக்கினேன். வகுப்புக்கென்று தனி எண் வாங்கினேன். காலையில் அரை மணி நேரம், மாலை வகுப்புகளுக்கு முன் அரை மணி நேரம், அந்த எண்ணுக்குப் பதில் சொல்வது அப்போது மட்டும். எல்லாப் பெற்றோருக்கும் இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்: "வணக்கம். உங்கள் செய்திகளை நான் நிதானமாகப் படித்துப் பதில் சொல்ல விரும்புகிறேன். அதனால் இனி காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பதில் அனுப்புகிறேன். அன்றைய வகுப்புக்கு வரமுடியாது என்பது போன்ற அவசரத்துக்கு மட்டும் அழையுங்கள்." யாரும் கோபப்படவில்லை. இரண்டு பேர் நன்றாகச் செய்தீர்கள் என்றார்கள், அவர்களும் ஆசிரியர்கள். தேர்வுக்கு முந்தைய நாள் இந்த விதி கிடையாது. பிள்ளை பதறிக்கொண்டிருக்கும்போது நாளைக் காலை பத்து மணி வரை காத்திரு என்று சொல்ல என்னால் ஆகாது, ஆகவும் வேண்டாம்.

அப்புறம் ரத்து. முதலில் 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் ஃபீஸ் இல்லை, பிறகு சொன்னால் உண்டு என்று மட்டும் வைத்தேன். அது போதவில்லை, ஏனென்றால் என்னைத் தின்றது பணம் அல்ல, மாற்று நேரம் தேடும் பேச்சுவார்த்தை. "செவ்வாய் முடியுமா மிஸ்?", "செவ்வாய் இல்லை, புதன்?", "புதன் நீச்சல் வகுப்பு" என்று ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு செய்திகள். இப்போது வாரத்தில் இரண்டு இடங்களை, புதன் மதியம் ஒன்று, சனி காலை ஒன்று, மாற்று வகுப்புக்கென்றே காலியாக வைத்திருக்கிறேன். தவறவிட்டவர்கள் அந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், முதலில் கேட்பவருக்கு முதலில். நிரம்பிவிட்டால் அடுத்த வாரம். யாரும் எடுக்காவிட்டால் அந்த நேரம் எனக்கு. அந்த இரண்டும் 22-க்குள் அடக்கம் என்பது முக்கியம், வெளியே வைத்தால் மீண்டும் பழைய கதை.

வெளிநாட்டு மாணவர்கள் இருப்பவர்களுக்கு ஒன்று. நான் இருக்கும் இடத்தில் கடிகாரம் மாறாது, அவர்களுக்கு மாறும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். மார்ச்சில் நடுவே இரண்டு மூன்று வாரம் ஒரு பக்கம் மாறி, மறுபக்கம் மாறாமல் இருக்கும். முதல் வருடம் இது தெரியாமல் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இப்போது நான்கு தேதிகளையும் வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் போட்டு, பத்து நாள் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், காலை ஐந்து மணிக்கு ஒரு கண்டம், இரவு பத்து மணிக்கு இன்னொரு கண்டம் என்று நாளின் இரண்டு முனையிலும் மாட்டிக்கொள்வது. நடுவில் எட்டு மணி நேரம் காலியாக இருந்தாலும் அது ஓய்வாக உடம்பில் சேரவே இல்லை, தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குச் சுருங்கிவிட்டது. ஒரு முனையை விட்டாக வேண்டும். நான் இரவை விட்டேன். அந்த மாணவர்களை அவர்கள் பகுதியிலேயே இருக்கும் இன்னொரு ஆசிரியரிடம் சேர்த்துவிட்டேன்.

சக ஆசிரியர்கள் நமக்கு ஏன் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கு ஸ்டாஃப் ரூம் இருக்கிறது. ஒரு வகுப்பு சொதப்பிவிட்டால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் சொல்லிப் புலம்பலாம், அவரும் "அந்தப் பையனா, எனக்கும் அப்படித்தான்" என்பார், பாரம் பாதி இறங்கிவிடும். வீட்டில் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நமக்கு அந்த நாற்காலி இல்லை. ஒரு மாணவர் தேறவில்லை என்றால் அது முழுக்க என் குறை என்றே மாதக்கணக்கில் சுமந்திருக்கிறேன். இப்போது என்னைப் போலவே சொந்தமாகச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு பேரும் நானுமாக வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் பேசுகிறோம், கேமரா இல்லாமல், நடந்துகொண்டே. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் தேர்வு நெருங்கிய பிள்ளைகளை மட்டும் ஒரு வாரம் பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தம். போன வருடம் நான் ஒன்பது நாள் படுத்துவிட்டேன், ஒரு மாணவர்கூட விலகவில்லை.

லீவை இப்போது முதலில் குறித்துவிட்டுத்தான் வகுப்புகளைப் போடுகிறேன், வருடத்துக்கு நான்கு வாரம், தேர்வுக் காலம் முடிந்த கையோடு ஒன்று கட்டாயம். வருகிற ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுகிறேன். 48 வாரம் உழைத்து 52 வாரம் வாழவேண்டும், அந்த நான்கு வாரத்துக்கும் உடம்பு சரியில்லாத நாட்களுக்கும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டை மறுபடி எடுத்து ஒரு வாரம் எழுதுகிறேன். கடைசியாக எழுதியபோது 22 வகுப்புக்கு எல்லாம் சேர்த்து 33 மணி நேரம் வந்தது.

அந்த மாணவி இன்னும் என்னிடம்தான் படிக்கிறாள், இப்போது இயற்கணிதம். சில மாதம் கழித்து அவளிடம் அந்த வியாழக்கிழமையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு நினைவில்லை, "எப்போ மிஸ்?" என்றாள். இந்த வாரம் என் கணக்கில் 23 ஆகிவிட்டது, ஒன்று கூடுதல், வெள்ளிக்கிழமை அவளுக்குத் தேர்வு. அதனால் அடுத்த வாரம் 21 என்று நோட்டில் குறித்து, சனிக்கிழமை மாற்று வகுப்பு கிடையாது என்று எல்லாப் பெற்றோருக்கும் இன்று காலை பத்து மணிக்கே செய்தி அனுப்பிவிட்டேன்.